மாதிரித் துணியில் விழுந்த முத்திரை

இந்த வரலாற்றை எனக்கு முதன்முதலில் சொன்னவர், நீர்வரி அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையற்காரர். பேசும்போதும் அவர் உதட்டிடையே இரண்டு குண்டூசிகள் இருக்கும். கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் குத்திவிடும். ஆகவே அவர் சொன்னதை அப்படியே நம்பலாம்.

நீர்வரி அலுவலகத்தில் நாற்பத்திரண்டு நாற்காலிகள்; ஊழியர்கள் நாற்பத்தொருவர். மிச்சமிருந்த அந்த ஒரு நாற்காலியில்தான் வினை வந்து உட்கார்ந்தது. வரி கட்ட வந்த ஒருவர், நின்று நின்று கால் கடுத்துப்போய் அதில் அமர்ந்தார். எதிரே ஒரு கோப்பு இருந்தது. படித்தார், நியாயமாகப் பட்டது, கையெழுத்திட்டார். மறுநாளும் வந்தார். ஒன்பது நாளில் நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் தீர்ந்தன. பத்தாம் நாள் பொதுமக்களிடமிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் ஏதோ பெருந்தவறு நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தலைமையகம் அப்போதுதான் உணர்ந்தது.

விசாரணை நடந்தது. 'ஊழியருக்கும் பொதுமக்களுக்கும் இடையே உடையில் வேற்றுமை காணப்படாமையே மேற்படி சீர்கேட்டுக்கு மூலகாரணம்' என்று முடிவாயிற்று. சுற்றறிக்கை புறப்பட்டது: 'அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆண் ஊழியர் சட்டையும் பெண் ஊழியர் மேலங்கியும், இத்துடன் இணைக்கப்பட்டுள்ள மாதிரித் துணியை எவ்வித மாற்றமுமின்றிப் பின்பற்றித் தைத்து அணிதல் வேண்டும்.'

இணைப்பாக நான்கு விரல் அகலத்தில், சாம்பல் நிறத்தில், ஒரு துண்டுத் துணி.

அஞ்சல் முதலில் வந்து சேரும் இடம் முத்திரையம்மாவின் மேசை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் முத்திரையம்மாதான். இருபத்தொன்பது ஆண்டுகளாக உள்ளே வருகிற ஒவ்வொரு தாளிலும் வட்ட முத்திரை குத்தி வந்தவர். நடுவில் தேதி, மேலே அலுவலகத்தின் பெயர், கீழே 'பெறப்பட்டது'. அவர் மேசையைத் தாண்டி முத்திரை வாங்காமல் ஓர் ஈகூட உள்ளே போனதில்லை. ஒரு முறை ஓர் ஈ அவ்வாறு முயன்றதற்குப் பதிவேட்டின் பதினெட்டாம் பக்கத்தில் இன்றும் சான்று உண்டு.

அன்று அவர் மனம் மேசையில் இல்லை. கண்காணிப்பாளர் பதவிக்கு அவர் பதினோராண்டுகளாகக் காத்திருந்தார். பணிப்பதிவேட்டில் ஒரு குறைக்குறிப்பும் இல்லாவிட்டால் இந்த ஆண்டு கிடைத்துவிடும் என்று தலைமை எழுத்தர் காலையில்தான் காதில் போட்டிருந்தார். அந்த நினைப்பிலேயே கை தன் வேலையைச் செய்தது. கடிதத்தின்மேல் ஒன்று, இணைப்பின்மேல் ஒன்று.

சாம்பல் துணியின் நட்டநடுவில் ஊதா வட்டம் பளிச்சென்று சிரித்தது.

ஈரத் துணியால் தேய்த்தார். போகவில்லை. அரசு வழங்கும் மையாயிருந்தால் ஊதினாலே போயிருக்கும். அந்த மாதம் அது வந்து சேராததால், அம்மா தம் கைக்காசில் நல்ல மை வாங்கி வைத்திருந்தார்.

அலுவலர் மாதிரித் துணியை மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன வட்டம்?"

"டிசைன் சார்," என்றார் தலைமை எழுத்தர்.

"நம்ம ஆபீஸ் பேரு இருக்கே."

"ஒவ்வொரு ஆபீசுக்கும் தனித்தனியா அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க சார். எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க."

"தேதியும் இருக்கு."

"இன்னிக்குத் தேதி. இன்னிக்கு வந்து சேரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் சார் தலைமையகம்."

முத்திரையம்மா வாயைத் திறந்தார். "சார், அந்த வட்டம் வந்து..."

"வாங்கம்மா. உங்க பதவி உயர்வுக் கோப்பு இப்பதான் தயாராகிக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல உங்க பேருல ஒரு சின்னக் கறை விழக்கூடாது, பாத்துக்குங்க. என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"வட்டம் நல்லா இருக்கு சார்."

வேலை விறுவிறுவென்று நடந்தது. துணியை அச்சடிக்க ஆலைக்குச் சொல்லப்பட்டது. அலுவலகத்துக்குத் தேவை நூற்றிருபது மீட்டர். ஆலையோ ஆயிரத்துக்குக் குறைந்து அச்சடிக்காது. ஆயிரமும் அச்சாயின. நான்கு விரலுக்கு ஒரு வட்டம் வீதம் ஒரு சட்டைக்குத் தொண்ணூற்றாறு வட்டங்கள். அலுவலரின் வயிற்றுக்கு நூற்று நாற்பது.

தையற்காரர் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். "ஐயா, தையல்ல வட்டம் பாதியா வெட்டுப்படுதே. என்ன செய்ய?"

"பாதி முத்திரை செல்லாது," என்றார் அலுவலர். "ஒரு வட்டமும் வெட்டுப்படக் கூடாது."

"அப்போ பை நெஞ்சுல வராதுங்க. அக்குள்லதான் வரும்."

"வரட்டும்."

"ஒரு கை நாலு விரல் நீளமா போயிடும்."

"நீளமான கையால எழுதிக்கட்டும். உமக்கு என்ன வந்தது?"

முதல் தேதியன்று நாற்பத்தொருவரும் அக்குளில் பையும் உடலெங்கும் ஊதா வட்டங்களுமாக வந்து அமர்ந்தார்கள். பேனா எடுக்க வேண்டிய போதெல்லாம் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சொறிந்துகொள்வதுபோலத் தெரிந்தது. பொதுமக்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் உற்றுப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் கடைகளில் கேட்டார்கள். ஆலையில் மிஞ்சிய எண்ணூற்றெண்பது மீட்டர் இரண்டே நாளில் பறந்தது. ஆலை மேலும் இருபதாயிரம் அச்சடித்தது. அக்குளில் பை இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பவர்களை மக்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

முத்திரையம்மாவின் மகளும் ஒன்று வாங்கி வந்தாள். கண்ணாடிமுன் நின்று ஒரு கையை உள்ளங்கை மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"அடியே, அந்த வட்டம் நான் குத்தினதுடி. கை தவறிக் குத்திட்டேன்."

"ஆமா, நீதான். வெளிநாட்டுல எவனோ பெரிய டிசைனர் ஆறு மாசம் உக்காந்து வரைஞ்சதாம். கடைக்காரர் சொன்னார்."

"என் மேசைமேல, காலையில பத்தே காலுக்குடி."

"அம்மா, வெளியில போய் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியாதே. எனக்குத்தான் மானக்கேடு."

வரி செலுத்தும் காலம் வந்தது. முதல் ஆளாகப் பாத்திரக்கடைக்காரர் காசாளர்முன் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"வரி எடுங்க அண்ணே," என்றார் காசாளர்.

"கட்டியாச்சே."

"ரசீது?"

"போட்டுக்கிட்டுத்தானே நிக்கிறேன். படிச்சுப் பாருங்க. உங்க ஆபீஸ் பேரு, இந்த வருஷத் தேதி, பெறப்பட்டது. ஒண்ணு இல்லை, தொண்ணூத்தாறு இருக்கு. முதுகையும் காட்டவா?"

காசாளர் அலுவலரிடம் ஓடினார். அலுவலர் ஒரு மணி நேரம் சிந்தித்தார். முத்திரை அலுவலகத்தின் முத்திரை. தேதி நடப்பாண்டுத் தேதி. தன் முத்திரையைத் தானே மறுக்கிற அலுவலகம் அலுவலகமாகுமா? 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதினார். செய்தி மதியத்துக்குள் ஊர் முழுவதும் பரவிற்று. அந்த மாதம் கணக்கேட்டின்படி ஊரில் ஒருவர்கூடப் பாக்கியில்லை. பெட்டியில் ஒரு காசுமில்லை.

தலைமையகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். அவர் அணிந்திருந்தது வெறும் சாம்பல் சட்டை. வாயிற்காவலர் மறித்தார்.

"சீருடை இல்லாம உள்ள போக முடியாது. வரிசையில நில்லுங்க."

"யோவ், இதுதானய்யா சீருடை."

"வட்டம் எங்கே?"

மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, நீர்வரி விசாரணை என்ற பெயரில் உள்ளே வந்து சேர்ந்த ஆய்வாளர், அலுவலரின் நூற்று நாற்பது வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தங்கள் சட்டையில் சாயம் போய்விட்டது போலும்," என்றார் அலுவலர் பணிவாக.

ஆய்வாளர் மேசையைத் தட்டினார். "நாங்க அனுப்பின துணியில வட்டமே கிடையாது. எவனோ கள்ள முத்திரை வெட்டியிருக்கான். அந்த ஆலைக்காரனையும் எதிர்க்கடைத் தையற்காரனையும் பிடிச்சு உள்ள வைக்கணும். போலி முத்திரைன்னா ஏழு வருஷம். இந்தச் சட்டை ஒண்ணும் செல்லாது. ஊர்ல உள்ள அத்தனையையும் கொளுத்தச் சொல்றேன்."

முத்திரையம்மா தம் நாற்காலியில் இருந்தபடியே சன்னல் வழியே பார்த்தார். எதிர்க்கடையில் தையற்காரர் யாருடைய அக்குளையோ அளந்துகொண்டிருந்தார். இங்கே பதினோராண்டுக் காத்திருப்பு, அங்கே ஏழாண்டுச் சிறை. அம்மா எழுந்தார்.

"ஐயா, அது போலி இல்லை. நான் குத்தினது. கை தவறுதலா."

தலைமை எழுத்தர் பதவி உயர்வுக் கோப்பை ஓசையில்லாமல் மூடினார்.

"நீங்க யாரு?" என்றார் ஆய்வாளர்.

"உள்வருகைப் பிரிவு. இருபத்தொன்பது வருஷம்."

"முத்திரை குத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

"எனக்கு மட்டுந்தான் உண்டு."

"துணியில ஏன் குத்தினீங்க?"

"உள்ளே வர்ற கடிதம், இணைப்பு எல்லாத்துலயும் குத்தணும்னு விதி இருக்கு. விதி நாலு, உட்பிரிவு இரண்டு."

ஆய்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அப்படித்தான் இருந்தது. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா இது அதிகாரம் உள்ளவர், விதிப்படி, உண்மையான முத்திரையால் குத்தினது."

"ஆமாங்க."

"அந்த மாதிரியை எவ்வித மாற்றமும் இல்லாமத்தான் அச்சடிச்சிருக்காங்க."

"ஆமாங்க."

"அப்போ எல்லாச் சட்டையும் செல்லும்." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எழுதிக்குங்க. ஒரு குடிநீர் இணைப்புக்கு ஒரு முத்திரைதான் குத்துறது வழக்கம். ஒருத்தர்கிட்ட தொண்ணூத்தாறு முத்திரை இருந்தா, அவருக்குத் தொண்ணூத்தாறு இணைப்பு இருக்குன்னு அவரே ஒப்புக்கிட்டாருன்னு அர்த்தம். பெட்டியில பணம் வரலையே? அதனால பாக்கி. இணைப்புக்கு நாப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு வீதம் வசூலிங்க."

தையற்காரர் பிழைத்தார், தம் அளவில் தொண்ணூற்றிரண்டு இணைப்புகளோடு. பாத்திரக்கடைக்காரர் முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே நடக்கப் பழகினார். அலுவலர் நூற்று நாற்பதுக்கும் தவணை கேட்டு மனுச் செய்தார்; மனுவில் முத்திரை குத்தப்பட்டது. சட்டையைக் கொளுத்த முயன்றவர்கள்மீது அரசு ஆவணத்தை அழித்ததாக வழக்கு வந்தது. ஆய்வாளரும் ஊர் திரும்புமுன் நாகரிகமாயிருக்கிறதே என்று தம் பிள்ளைகளுக்கு மூன்று சட்டைகள் எடுத்துப் போயிருந்தார். அவருக்கான வரிப் பாக்கி அறிவிப்பு அஞ்சலில் பின்தொடர்ந்தது.

முத்திரையம்மாவின் பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு விழத்தான் செய்தது: 'முத்திரையின் மெய்ம்மையை நிலைநாட்டி அரசு வருவாயைத் தொண்ணூற்றாறு மடங்காக உயர்த்தியமைக்குப் பாராட்டு.' அதே வாரம் அவர் கண்காணிப்பாளரானார். புதிய நாற்காலியில் அமர்ந்ததும் முதல் வேலையாக, கையெழுத்திட வேண்டிய அறிவிப்புகள் மூன்று கட்டாக வந்தன. மேலே இருந்தது அவர் மகள் பெயருக்கு: வட்டங்கள் எண்பத்தெட்டு, செலுத்த வேண்டியது நாலாயிரத்து நூற்றெண்பது ரூபாய். அம்மா பேனாவுக்காக அக்குளில் கையை விட்டார்.

மாலையில் மகள் அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "என்னம்மா இது? நீயே கையெழுத்துப் போட்டிருக்கே."

"வெளிநாட்டு டிசைனர்கிட்ட வாங்கப் பாத்தேன். அவரு விலாசம் கிடைக்கலை."

அம்மாவின் சேமிப்பிலிருந்து பணம் கட்டப்பட்டது. அன்றிரவே மேலங்கியைத் தலைகீழாகப் புரட்டி ஆராய்ந்ததில், கீழ் மடிப்புக்குள் இரண்டு வட்டங்கள் வெளியே தெரியாமல் மறைந்திருந்தது தெரியவந்தது. கண்ணுக்குப் புலப்படாத முத்திரைக்கு வரியில்லை என்று விதி காட்டி அம்மா மேல்முறையீடு செய்தார். மடிப்பைப் பிரித்துப் பார்க்க ஒரு குழு, பிரித்த மடிப்பைத் திரும்பத் தைக்க ஒரு குழு. ஆறாண்டு நான்கு மாதங்கள் கழித்து, அந்த மேலங்கியை அணிந்தால் சிறுபிள்ளைகளும் கைகொட்டிச் சிரிக்கும் காலம் வந்தபின், ஆணை பிறந்தது. இரண்டு வட்டங்களுக்கு உரிய தொண்ணூற்றைந்து ரூபாயில் விண்ணப்பக் கட்டணம் ஆறு ரூபாய் கழித்து, அரசு திருப்பிச் செலுத்தியது ரூபாய் எண்பத்தொன்பது மட்டும்.