நான்கு வட்டங்களுக்கு வைத்த பொட்டு

காலை எட்டு மணி பதினேழு நிமிடம். அந்தக் காரின் திரை கறுத்துப் போவதற்கு முன் கடைசியாகக் காட்டிய நேரம் அதுதான். என் மூக்குக்கு நேரே காட்டியது. மூன்று வருடமாகிறது, இன்றைக்கும் சுவர் மணிக்கூட்டில் எட்டுப் பதினேழைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். ஒலி எதில் பட்டு எப்படித் திரும்பி வரும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள். (வௌவால் மட்டும் கொஞ்சம் எலி மாதிரி வரும்.) அன்று நடந்ததற்கு அறியாமை என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

என் மகன் பிரசாந்த் உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினான். பிறகு இரண்டு வருடம் வீட்டில் படுத்திருந்து கூரையைப் படித்தான். அந்தக் காலத்தில் நான் நேர்ந்துகொள்ளாத கோயில் கண்டி மாவட்டத்தில் இல்லை. கடைசியில் பிலிமத்தலாவையில், விலை உயர்ந்த வாகனங்களைக் கழுவி மெருகு போடுகிற ஓர் இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரக் கடிதம். அந்த மூன்று மாதம் முடிகிற சனிக்கிழமைதான் இது.

அன்று அவன் கையில் கொடுக்கப்பட்டது சாதாரண வண்டி இல்லை. கண்டியில் பெயர்போன ஒரு வயதான டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர் என்றும் பெயர்போனவர். அவரிடம் ஒரு பழைய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே இரண்டு ஆசனம், வட்ட விளக்கு, தவளை பதுங்கியிருப்பது போன்ற உருவம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது அவரிடமிருந்து வாங்கியது. இப்போது அதே காரின் புதுத் தலைமுறை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, டொக்டர் அதையும் வரவழைத்துவிட்டார். அன்று ஒன்பதரைக்கு வாவிக் கரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். மெருகு போட்ட புதுக் காரை ஒன்பது மணிக்குள் டொக்டர் வீட்டில் ஒப்படைப்பது பிரசாந்தின் பொறுப்பு.

"பரம்பரைம்மா இது! மூஞ்சியப் பாருங்க, அப்பிடியே பழசோடது. பின்னால அந்த வளைவு, அதுவும் அதே அச்சு. அறுவது வருசப் பேரு" என்று முதல் நாள் இரவு அவன் போனில் படம் காட்டினான்.

நான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பழைய பச்சைக் காரை எனக்குத் தெரியும். அந்தத் துரையின் தோட்டத்தில் என் அப்பாதான் டிரைவர். பதினான்கு வருடம் அந்தக் காரைக் கழுவினார். பொதி எடுக்கக் கண்டி ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகும்போது ஆசனத்தில் சாக்கு விரித்து, அதன் மேல் உட்கார வேண்டும் என்பது துரையின் உத்தரவு. நான் சிறுபிள்ளையாக ஒருநாள் கதவைத் தொட்டதற்கு அப்பாவே என் கையைத் தட்டிவிட்டார். ஆக, பரம்பரை என்பது அந்தக் காருக்கு மட்டும் இல்லை. எங்கள் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அதைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறது.

"காலைல நம்ம வீட்டுப் பக்கமா கொண்டா. ஒரு நிமிசம் பாத்துக்கிறேன்" என்றேன்.

"ஐயோ, மொதலாளிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்."

"யாரு சொல்லப் போறா?"

(யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. ஊரே நேரில் வந்து பார்த்தது.)

எட்டு மணிக்குக் கார் வந்தது. சிவப்பு. மேல்கூரையைத் திறந்து வைத்திருந்தான். எங்கள் குறுகிய ஒழுங்கை பிரதான வீதிக்கு இறங்கும் சரிவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற கான். அதில் அந்தக் கார் நின்றபோது, பழைய வீட்டுக்குள் புதுப்பெண் வந்து நின்றது போல இருந்தது. பிரசாந்த் முகம் கழுவி சட்டை மாற்ற உள்ளே போனான். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தான். சாவி என்றால் சாவி மாதிரியே இல்லை. கரைந்து தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. அது காருக்குள் இருந்தாலே போதும், பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடுமாம்.

அவனுக்குப் பத்து நிமிடம் ஆனது. எனக்கு அது தாராளம்.

புது வண்டி. அதுவும் என் பிள்ளையின் வேலையைத் தீர்மானிக்கிற வண்டி. ஒரு பொட்டுக்கூட இல்லாமல் வீதியில் இறங்கினால் எத்தனை கண் படும்? நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சங்காய் வைத்தேன். மிளகாயும் எலுமிச்சங்காயும் கோத்து, முன் மூக்கில் மாலையாகத் தொங்கவிட்டேன். சந்தனம் குழைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று பார்த்தால், முன்புறத்தில், பொட்டு வைப்பதற்கென்றே அளந்து செய்தது போல நான்கு சின்ன வட்டங்கள்! வெள்ளைக்காரனும் நம்முடைய ஆட்களை நினைத்துத்தான் செய்திருக்கிறான் என்று மனம் நெகிழ்ந்து, நான்கிலும் தடிப்பாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். முன் கண்ணாடியின் உச்சியில், உள்ளே ஏதோ ஒரு கண் மாதிரித் தெரிந்த இடத்தில், விபூதியை மூன்று விரலால் இழுத்துவிட்டேன்.

பிறகு சாவி. அப்பா ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் துரையின் கார்ச் சாவியை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் சாமி படத்தின் முன் வைப்பார். அந்த இரும்புச் சாவிக்கு ஒன்றும் ஆனதில்லை. நானும் முக்கினேன். உடனே எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கற்பூரம் தேடப் போய்விட்டேன். (என் கணவர் அன்று பதுளையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். தான் வீட்டில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று இன்றும் சொல்கிறார். தடுத்திருக்க மாட்டார், கற்பூரம் எங்கே இருக்கிறதென்று சொல்லியிருப்பார்.)

சட்டை மாற்றி வந்த பிரசாந்த் காரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அம்மா…"

"எல்லாம் நல்லதுக்குத்தான்டா. வீதி வரைக்கும் என்னைய ஏத்திட்டுப் போ. அங்க தொடச்சிட்டு நான் எறங்கிக்கிறேன்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது தவறு. விழுந்தேன். இருக்கை இருக்கும் என்று நான் நினைத்த உயரத்துக்கு ஒரு முழம் கீழே அது இருந்தது. முழங்கால்கள் நாடிக்கு நேரே வந்து நின்றன. ஆனாலும், சாக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் அப்பா என்று ஒரு கணம் கண் கலங்கியது உண்மை.

அந்தக் கணம் நீடிக்கவில்லை. எலுமிச்சங்காய்கள் நான்கும் நசுங்கின. கார் இருபதடி இறங்கி, வளைவில் திரும்பியது. அவ்வளவுதான். ஒலியை அனுப்பித் தடையை அறிகிற அந்த நான்கு வட்டக் கண்ணிலும் சந்தனம், நெற்றிக் கேமராவில் விபூதி, மூக்குக்கு முன்னால் ஆடும் மிளகாய் மாலை. முன்னால் பெரிய சுவரே வந்துவிட்டதாக நினைத்த கார், யாரையும் கேட்காமல் தானே பிரேக் போட்டது. நான் முன்னால் போய்த் திரும்பி வந்தேன். பத்துப் பேர் சேர்ந்து விசில் அடிப்பது போலச் சத்தம். பிரசாந்த் பதறிப்போய் எதையோ அழுத்த, எஞ்சின் நின்றது. திரும்ப அழுத்தினான். சாவியைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. என் மடியிலிருந்த சாவியை எடுத்துப் பொத்தானிடம் பிடித்தான். அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

"அம்மா. இது ஏன் ஈரமா இருக்கு?"

எட்டுப் பதினேழு. திரை கறுத்தது.

கார் ஒழுங்கைக்குக் குறுக்கே நின்றது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டதால் தள்ளவும் முடியவில்லை. என் பக்கக் கதவு மண்மேட்டில் முட்டிக்கொண்டு ஒரு சாண்தான் திறந்தது. எழுந்து நிற்கலாம் என்றால், பிடித்து எழும்ப ஒரு பிடி இல்லை, முழங்காலும் என்னுடையதாக இல்லை. பிரசாந்தின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் போன இடத்துக்கே திரும்பி வந்தேன். கூரை வேறு திறந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல என்னை எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் வந்து மாட்டியது, பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வருகிற பேக்கரி ஆட்டோ. மடவளை ரியாஸ் நானாவுடையது.

"என்ன டீச்சர், புதுக் காரா? மாஷா அல்லாஹ்! கொஞ்சம் ஒதுக்குங்களே, பாண் சூடாறுது."

"ஒதுங்காது நானா."

"அப்ப நீங்க சரி எறங்குங்களே."

"நானும் எறங்க முடியாது."

அவர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்லாவே, ரெண்டுமே பிரேக்டவுனா?"

"அந்தப் பாட்டையாவது நிப்பாட்டுங்க."

"ஏலாது டீச்சர். எஞ்சின நிப்பாட்டினாத்தான் பாட்டு நிக்கும். எஞ்சின நிப்பாட்டினா இந்த மேட்டுல திரும்ப ஸ்டாட் வராது."

ஆகவே பாட்டு தொடர்ந்தது. ஒரே ராகம், மூச்சு விடாமல். பாட்டுக் கேட்டு மேல் வீட்டுக்காரர்கள் பாண் வாங்க இறங்கி வந்தார்கள். பாணோடு என்னையும் பார்த்தார்கள். எட்டரைக்குள் நாற்பது பேர். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ஏழு பேர் அதில் இருந்தார்கள். "டீச்சர், படம் எடுக்கவா?" என்று ஒருத்தி மரியாதையாக அனுமதி கேட்டாள். பணிஸ் முழுக்க விற்றுப்போன சந்தோஷத்தில் ரியாஸ் நானா எனக்கு மீன் அடைத்த மாலுபாண் ஒன்றை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

பிரசாந்த் மட்டும் சிரிக்கவில்லை. துணியால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே முதலாளிக்குப் போன் எடுத்தான். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"வீட்டுக்கு யாருடா கொண்டு போகச் சொன்னது? மத்தச் சாவி டொக்டர்ட்டதான் இருக்கு. நீயே அவருக்குப் பேசு. அவரு எனக்குப் போன் எடுத்து ஒரு வார்த்த கோவமா சொன்னாருன்னா, திங்கக்கெழம நீ வர வேணாம்."

அவன் டொக்டருக்குப் பேசினான். நாலே வார்த்தை. பிறகு கானின் ஓரமாகக் குந்தினான். கூரையைப் படித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த அதே முகம். அந்த முகத்தைத் திரும்ப வரவழைத்தது யார்? எதிரி வைத்த சூனியம் இல்லை. மூன்று மாதமாக, நாளும் பொழுதும், அவனுக்காக வேண்டிக்கொண்ட நான்தான். மீதி மாலுபாணை மடியில் வைத்துவிட்டேன்.

"வந்தா நானே சொல்றேன். எல்லாம் நான் செஞ்சதுன்னு" என்றேன்.

"ஒங்க வாயத் தெறக்காதீங்கம்மா. கெஞ்சிக் கேக்கிறேன்."

ஒன்பது மணி தாண்டி ஏழு நிமிடத்துக்கு, கீழே ஓர் ஆட்டோ வந்து நின்றது. பழைய காரை அவருடைய மருமகன் ஏற்கெனவே வாவிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டதால், டொக்டர் ஆட்டோவில் வந்திருந்தார். எழுபது தாண்டிய உயரமான மனிதர். வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் பட்டுத் துணி, கையில் மற்றச் சாவி. கூட்டம் விலகியது. ரியாஸ் நானாகூட எஞ்சினை நிறுத்திவிட்டார். பாட்டு நின்றதும் வந்த அமைதி பாட்டைவிடப் பயங்கரமாக இருந்தது.

டொக்டர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். நசுங்கிய எலுமிச்சங்காயைப் பார்த்தார். துடைத்தும் போகாத குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் பூத்த சாவியை முகர்ந்து பார்த்தார்.

"ஆர் இந்த வேலை பாத்தது?"

"நான்தான் சேர்" என்றான் பிரசாந்த்.

"பொய் சேர்! நான்தான்" என்றேன் உள்ளேயிருந்து.

"அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சேர்."

"எனக்கு எல்லாம் தெரியும் சேர், நான் விஞ்ஞான டீச்சர்!"

(இதை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒரு புதுப் பொருள் வாங்கினால் முதலில் மஞ்சள் செம்பை ஒளித்து வைக்கிறார்கள். பிறகு இந்த வசனத்தை ஒருவர் எடுத்துவிட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.)

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்கோ" என்றார் டொக்டர். காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கம் குனிந்தார். "பிள்ளை, ஏன் இன்னும் உள்ளுக்கை இருக்கிறியள்?"

"எழும்ப முடியல சேர்."

அவர் முகம் மாறியது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நான் இதில மூண்டு தரம் ஏறினனான். மூண்டு தரமும் மனிசியும் பக்கத்து வீட்டுக்காரனும் சேந்துதான் என்னை இழுத்து எடுத்தவை. இண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால போய் எப்பிடி இறங்கிறது எண்டு ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்லை. இனி நேரத்துக்குப் போகேலாது, பழைய கார் மட்டும் நிக்கட்டும். பெரிய உதவி செய்திருக்கிறியள்."

நிமிர்ந்தார். மற்றச் சாவியைப் பிரசாந்திடம் நீட்டினார். இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி, அந்தப் பெயர்போன குரலில் சொன்னார்:

"தம்பி, முதலாளிக்கு நான் சொல்லுறன், கார் நல்லா இருக்கு, கடிதத்தைக் குடுக்கட்டும் எண்டு. நீர் முதல்ல அம்மாவை வெளியில எடும். அவசரமில்லை, ஆறுதலா எடும். எப்பிடி எடுக்கிறீர் எண்டு நான் வடிவாப் பாக்க வேணும்."