பயம் எனக்கில்லை, அவருக்குத்தான்

பேரன்புள்ள சண்முகலிங்கம் அண்ணைக்கு,

பாசல் நகரிலிருந்து தம்பி உருத்திரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்; எல்லாரையும்விட நான் கூடச் சுகம். அண்ணியின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. நான் நோய் வருத்தங்களுக்குப் பயந்தவன் என்று என் மனைவி ஜெயகௌரி உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னாளாம். இரத்தப் பரிசோதனை முடிவு தபாலில் வந்து பதினொரு நாளாகியும் நான் பிரிக்கவில்லை என்பது உண்மைதான். அரிசி வாளிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. பயத்தினால் அல்ல, நேரமில்லை. பென்சன் எடுத்த பிறகு எனக்கு எங்கே நேரம்?

நேரமில்லாததற்குக் காரணம் மகள் அக்‌ஷயா. பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா, ஒருவருக்கு நோய்ப்பயம் எவ்வளவு என்று அளக்கிற பதினான்கு கேள்விகள் ஜெர்மனில் இருக்கின்றன. அவற்றை அவளும் அவளோடு வேலை செய்கிற லின் என்ற சீனப் பிள்ளையும் சீன மொழிக்குக் கொண்டுபோகிறார்கள். மொழிபெயர்த்தால் மட்டும் போதாதாம், ஆட்களிடம் கேட்டும் பார்க்க வேண்டுமாம். லின்னின் தாய் தகப்பன் மகளைப் பார்க்கச் சீனாவிலிருந்து வந்து நின்றார்கள். வீட்டுக்குக் கூட்டிவா, சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கேட்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் வந்தார்கள். லின் கேட்கக் கேட்க, தகப்பன் ஜெயகௌரியின் ரோல்ஸைச் சாப்பிட்டபடி பதினான்குக்கும் இல்லை என்றார். தாயும் இல்லை. முன்னர் லின் கேட்ட எட்டுப் பேரும் இப்படித்தானாம், எல்லாரும் அவளை மகள் என்று கூப்பிடுகிற சனம். அக்‌ஷயாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஒருத்தருக்கும் பயமில்லையெண்டால் இந்தக் கேள்வியள் ஒண்டுக்கும் உதவாதப்பா. வெள்ளிக்கிழமை பேராசிரியரிட்ட எதைக் குடுக்கிறது?" என்றாள். பிள்ளையின்ர ரெண்டு வருச உழைப்பு அண்ணை, எனக்குப் பொறுக்கேல்லை. தகப்பன் நாலாவது தரம் கை கழுவப் போன நேரம், "அவரைப் பற்றி மனிசியிட்டக் கேளுங்கோ" எண்டன்.

கேட்டதுதான், பதினாலுக்கும் ஓம். விடிய எழும்பினதும் கண்ணாடியில நாக்கைப் பார்க்கிறாராம், தன்ர நாடியைத் தானே பிடிக்கிறாராம். மனிசன் திரும்பி வந்து மனிசியைப் பற்றிச் சொன்னார், அதுவும் பதினாலு ஓம். லின் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுது. "பிறகேன் முதல்ல இல்லையெண்டனீங்கள்?" எண்டு கேட்க, "தூரத்தில தனிய இருக்கிற பிள்ளையிட்ட அதைச் சொல்லலாமோ?" எண்டாவாம் தாய். லின் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டுத் தாயின்ர கையைப் பிடிச்சுது. இனித் தாங்கள் முன்னால நிண்டு கேட்கிறதில்லை, கேள்வித்தாளைக் குடுத்துப்போட்டு வெளியால போறதெண்டு பிள்ளையள் ரெண்டும் முடிவெடுத்தினம். அதோட விட்டிருக்கலாம். ஆரும் கேளாமலே ஜெயகௌரி எனக்குரிய பதினாலையும் சொல்லி, பதினஞ்சாவதா அரிசி வாளியையும் சொல்லிப்போட்டாள். அக்‌ஷயா என்னைப் பார்த்தாள். "எனக்கேனப்பா சொல்லேல்லை?" நான் அந்தச் சீன அம்மாவைப் பார்த்தன். அவவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

ஆகவே எனக்குப் பயம் இல்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன். அண்ணிக்கு என் அன்பு. திரிம்பாக் கோயிலில் உங்கள் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்விக்கிறேன், நோய்நொடி அண்டாமல் இருங்கள்.

அன்புத் தம்பி
உருத்திரமூர்த்தி

பி.கு: அந்த இரத்தப் பரிசோதனைக் கடிதத்தை அக்‌ஷயாவே பிரித்தாள். ஒன்றுமில்லையாம், இனி இரண்டு வருசம் கழித்து வந்தால் போதுமாம். அண்ணை, ஒண்டுமில்லையெண்டால் பிறகேன் வரச் சொல்லுறாங்கள்? நொஷாட்டலில உங்கட டொக்டரிட்ட ஒருக்கா விசாரியுங்கோ. அக்‌ஷயாவுக்குத் தெரிய வேண்டாம். டொக்டரிட்டயும் எனக்கெண்டு சொல்லாதேங்கோ, உங்களுக்கெண்டு கேளுங்கோ.