கட்டைவிரல் சொன்ன படிப்பு

தேனாம்பேட்டையில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் வாசலில் செருப்பு விட இடமில்லை. பிள்ளையின் கட்டைவிரலை வைத்தால் போதும், அது டாக்டராகுமா டிரைவராகுமா என்று ஒரு பெட்டி சொல்லிவிடுமாம். ஜெர்மன் பெட்டி என்றார் விரல் நிபுணர் ஷ்ரவண். பெட்டிக்கு அடியில் சீனா என்று அச்சடித்திருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

நிறுவனத் தலைவி மதுமதி ஒருபடி மேலே போனார். மேல்படிப்புக்குப் பெட்டி பரிந்துரைக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் இனி பிளஸ் ஒன் உதவித்தொகை என்று அறிவித்துவிட்டார். வீடு வீடாகப் போய் விசாரிக்கிற வேலை மிச்சம் பாருங்கள்.

கூவம் கரையில் குடியிருக்கும் நிலா பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள். பெட்டி அவளுக்குத் தையல் என்றது. அவள் அம்மா தேவானை, நிறுவனத்தில் சமூகப் பணியாளராக இருந்த ஜொவிட்டாவிடம் வந்தாள்.

"இன்னா மேடம் இது? ராப்பகலா பட்ச்ச பொண்ணு. வெரலு சரியில்லன்னு ஊட்ல குந்திகினு கீறா."

"அழாதீங்கக்கா. ரெண்டு நாள் டைம் குடுங்க."

ஜொவிட்டாவுக்குக் கோபம். அந்தக் கோபத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள்: பழைய முடிவுகளை எடுத்து உட்கார்ந்து படித்தாள். கரையோரப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் தையல், சமையல், டிரைவிங். காசு கட்டி வந்த அடையாறு பிள்ளைகள் பதினெட்டு பேர். அத்தனை பேரும் டாக்டர், என்ஜினியர். பெட்டிக்கு அடையாறு மேல் அப்படி என்ன பாசம்?

"மேடம், உங்க பையன் பிரணவும் நிலாவும் விரல் வைக்கட்டும்" என்றாள் மதுமதியிடம். "பாரத்துல அட்ரஸை மட்டும் மாத்தி எழுதுறேன். பெட்டி விரலைத்தானே படிக்குது?"

"தாராளமா. சயின்ஸுக்கு என்ன பயம்?" என்றார் மதுமதி.

மறுநாள் தேவானையும் கூட்டமும் பார்க்க இருவரும் விரல் வைத்தார்கள். ஆயிரம் விரல் பார்த்த ஷ்ரவணுக்கு முகம் எங்கே நினைவிருக்கப் போகிறது? பெட்டி பீப் என்றது. ஷ்ரவண் பாரத்தைப் பார்த்தார், கண்ணை மூடினார். அடையாறு முகவரியோடு நின்ற நிலாவுக்கு, "டாக்டர் ரேகை. அதுவும் ஹார்ட் டாக்டர்." கூவம் கரை முகவரியோடு நின்ற பிரணவுக்கு, "படிப்பு ஏறாது. டெம்போ ஓட்டலாம்."

மதுமதி எழுந்து நின்றார். "அவன் என் பையன் சார்."

"அப்படியா மேடம்? விரலை இன்னொரு வாட்டி வைக்கச் சொல்லுங்க."

தேவானை விடவில்லை. "போன வாரம் இதே வெரலுக்குத் தையல்னு சொன்னியே நைனா. ஒரே வாரத்துல வெரலு டாக்டருக்கு பட்ச்சிடுச்சா?"

கூட்டம் சிரித்தது. ஷ்ரவண் வயரைச் சுருட்டினார். அப்போதுதான் ஒருவர் குனிந்து பெட்டியின் அடியைப் படித்தார்.

நிலாவின் உதவித்தொகை அன்றே கையெழுத்தானது. மறுவாரம் மதுமதி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஜொவிட்டாவோடு கரையோர வீடுகளுக்கு நடந்தார்.

உங்கள் பிள்ளையின் விரலையும் யாராவது கேட்பார்கள். தாராளமாகக் கொடுங்கள். முகவரியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டு, அவர் முழிப்பதைப் பாருங்கள்.