தூங்குகிற கரடியும் என் முதல் ஆர்டரும்

கண்டிப்பான அம்மா என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவர்கள், அந்தக் கண்டிப்பை மட்டும் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. நான் சொல்லிக்கொடுத்தேன்.

குமாரபாளையத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தறிப்பட்டறை. போர்வை ஓட்டுகிறோம். விற்பனையை இனி நான்தான் பார்ப்பேன் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு, முதல் வியாபாரியை வீட்டுக்கே வரச்சொல்லியிருந்தேன். இந்த ஆர்டர் கைநழுவினால் பழையபடி அடுப்படிதான் (அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, மூஞ்சியே சொன்னது).

"துணியை விரிச்சுக் காட்டிரு" என்றார்.

"இந்தக் காலத்துல யாருங்க துணியை விரிக்கறாங்க?" என்று டிசைன்களை எல்லாம் எங்கள் பாப்பாவின் டேப்லெட்டில் போட்டோ பிடித்து வைத்தேன்.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் அந்த டேப்புக்குப் பூட்டுப் போட்டதும் நானேதான். மத்தியானம் ஆனால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் வீட்டுக்காரர் போனுக்கு அனுமதி கேட்டுப் போகும் (என் போன் பழசு, அந்த ஆப் ஏறவில்லை). பாப்பா கேட்டால் மனுஷன் உடனே கொடுத்துவிடுவார். முந்தின நாள்தான் பிடிபிடியென்று பிடித்திருந்தேன்: "எத்தனை தடவை கேட்டாலும் குடுக்கக் கூடாது. என் போன்ல கூப்பிட்டுக் கெஞ்சுவா, எடுக்கவே கூடாது."

வியாபாரி வந்தார், காப்பி குடித்தார். "டிசைனைப் பாத்தரலாமுங்களா?"

பெருமையாக டேப்பை நீட்டினேன். திரையில் ஒரு கரடி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. கீழே 'தூங்கும் நேரம்' என்று எழுதியிருக்கிறது.

"இது உங்க போர்வைங்களா?" பாவம், நிஜமாகவே கேட்டார்.

அணைத்துப் போட்டேன் (எங்கள் வீட்டில் எல்லா ரிப்பேருக்கும் இதுதான் வைத்தியம்). கரடி எழவில்லை. மணியை மாற்றப் பார்த்தேன், அதற்கும் அனுமதி வேண்டுமாம். அனுமதி கேட்டேன், பட்டறையில் இருந்த வீட்டுக்காரருக்குப் போயிற்று. மறுத்தார். திரும்பக் கேட்டேன். திரும்ப மறுத்தார். போன் போட்டேன், கட் பண்ணினார். கல்யாணமான நாளாக என் போனைக் கட் பண்ணத் துணியாத மனுஷன். பாப்பாவோ பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் என் போனுக்கு அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பதற்றத்தில் அப்படியே அழுத்திவிட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கூடத்தை நிறைத்தது: "அப்பனால முடியாது சாமி. குடுத்தேன்னா உங்கம்மா பேயாட்டம் ஆடுவா. அவ கொணம் உனக்குத் தெரியாதா? பேசாம படுத்துத் தூங்கு."

வியாபாரி சுவர்க் காலண்டரை உற்றுப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

"துணியையே பாத்துக்கலாம், வாங்கம்மிணி" என்று எழுந்தார்.

பக்கத்துத் தெருப் பட்டறைக்கு நடந்தோம். வாசலிலேயே வீட்டுக்காரர் போனைத் தூக்கிக் காட்டி, "பாப்பா எத்தனை தடவ கேட்டா தெரியுமா? நான் அசையவே இல்ல" என்றார். அவ்வளவு பெருமையாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திட்டக்கூட மனசு வரவில்லை.

துணியை விரித்தேன். ஆர்டர் கிடைத்தது, என் பேரிலேயே.

ஆனால் மத்தியானத்தில் அந்த வியாபாரி இன்றைக்கும் என்னை நேராகக் கூப்பிடுவதில்லை. முதலில் வீட்டுக்காரருக்குத்தான் போன் போடுகிறார்: "ஏனுங்க, அம்மிணிகிட்டப் பேசோணும். பர்மிசன் குடுங்க."

இவரும் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.