கயிறு கன்சல்டன் கட்டிய பாலம்

உலகத்தில் எத்தனையோ இன்ஜினியர்கள் பெஞ்சு கட்டியிருப்பார்கள். இல்லாத பெஞ்சில் ஊரையே உட்கார வைத்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கயிறு கன்சல்டன்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதன் பின்னால் சீமையில் வாங்கிய பட்டங்களும் உண்டு. ஆனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேரி தீவு வரை யாரைக் கேட்டாலும், "கயிறு கன்சல்டனா? கார் ஜன்னல்ல மூங்கில நீட்டிக்கிட்டுப் போவாரே, அவரா?" என்றுதான் கேட்பார்கள். சிவப்பு நிறச் சின்னக் கார். பின்சீட் முழுக்க மூங்கில் கம்பு. கியர் கம்பியில் இளஞ்சிவப்பு ராபியா கயிறு, பாசார் சந்தையில் கீரைக்கட்டுக்குச் சுற்றுகிற அதே பிளாஸ்டிக் கயிறு. தலையில் எந்நேரமும் வெள்ளை ஹெல்மெட். வாழையிலைக் கடையில் ரசம் குடிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டினார்.

"அந்த நட்டைப் பாரு தம்பி. பாத்துட்டியா? சரி, இப்ப நீ நிம்மதியா சாப்பிடு."

அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் சுவரோரமாகத்தான் உட்காருகிறேன்.

அவரை முதலில் பார்த்தது பிரிக்பீல்ட்ஸில். அப்போது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. காலையில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். பாதையோரத்தில் நாலு மூங்கில் நட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, நடுவில் சாப்பாட்டுக் கடை ஸ்டூல்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு ஹெல்மெட்காரர்.

"பாஸ், கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க."

"இது என்னங்க?"

"பஸ் ஸ்டாப்லா. இன்னும் கட்டல. வாசல் இந்தப் பக்கம், சுவத்துல மோதாதீங்க."

சுவர் என்று அவர் சொன்னது கயிற்றை. எனக்கு என்ன தோன்றியதோ, வாசல் வழியாகக் குனிந்து போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துப் பூக்கடை அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒரு சீனத் தாத்தா பேப்பரோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் போதாமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து எங்கள் முன்னால் நின்று கதவையும் திறந்துவிட்டது. இவ்வளவு மரியாதையாக நின்ற பஸ்ஸை எப்படித் திருப்பி அனுப்புவது? எல்லோரும் ஏறிவிட்டோம். கன்சல்டன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஐயையோ, போகாதீங்க! பத்து மணி வெயில் இன்னும் வரல!"

வெயில் யார் முகத்தில் விழுகிறது என்று பார்த்த பிறகுதான் கூரை வரைவாராம். பிறகு அந்த பஸ் ஸ்டாப் உண்மையாகவே வந்தது. பத்து மணி வெயில் உள்ளே வராது. நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கிள்ளான் பக்கத்தில் ஒரு நகராண்மைக் கழகத்தில், சிறு பணிகள் பிரிவில். எந்தக் கழகம் என்று சொல்ல மாட்டேன்; பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது. மேம்பாலம், விளையாட்டரங்கம் என்றால் கன்சல்டன் கம்பெனிகள் கோட்டும் சூட்டுமாக வரும். அவர்கள் போட்ட சென்ட் வாசனை லிஃப்டில் மறுநாள்வரை நிற்கும். சிறு பணி என்றால் ஒரு பெஞ்சு, ஒரு கால்வாய் மூடி, நடைபாதையில் ஒரு சரிவு. அதற்கும் வெளியிலிருந்து ஒரு கன்சல்டன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்களிடமே இன்ஜினியர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் எந்தக் கன்சல்டனைக் கூப்பிடுவது என்கிற மீட்டிங்கில் இருக்கிறார்கள்.

கழகத்தில் பதிந்த கம்பெனிகளை வரிசையாகக் கூப்பிடுவது என் வேலை. ஒரு கம்பெனியில், "பெஞ்சா? எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார்கள். இன்னொரு கம்பெனியில் போனை எடுத்த அம்மா சிரித்து முடிக்கும்வரை நான் லைனிலேயே இருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரே ஒருவர் மட்டும் இருக்கிற கம்பெனி. முதல் மணியிலேயே எடுத்தார்.

"பெஞ்சா! சாய்றதா, சாயாததா?"

பேரன் பிறந்த சேதி கேட்டவர் மாதிரி இருந்தது குரல். மறுநாள் மூங்கிலோடு வந்து இறங்கியபோதுதான், என்னை பஸ் ஏற்றிவிட்ட ஹெல்மெட்காரர் என்று தெரிந்தது. அவருக்கும் என்னை ஞாபகம் இருந்தது. "பாதியில எந்திரிச்சுப் போன ஆளுதானே நீ?" என்றார்.

ஷா ஆலமில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்து நெடுஞ்சாலையெல்லாம் போட்டவர் அவர். அதை விட்டுவிட்டு ஏன் இந்தப் பொடி வேலைக்கு வந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"ஹைவேல நூத்திப் பத்துல போறவன் எவனாவது 'அப்பாடா'ன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? பெஞ்சுல உக்காந்தவன் சொல்வான் தம்பி. நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்."

எதையும் கயிற்றில் கட்டி, முழு அளவில் ஊருக்குக் காட்டி, பத்துப் பேரை அதில் நடக்கவிட்ட பிறகுதான் பேப்பரில் கோடு போடுவார். எங்கள் கிளினிக் வாசலில் சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவு கட்ட வேண்டியிருந்தது. பலகையைச் சாய்த்து வைத்தார். ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கித் தானே அதில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக்கைக் கைப்பிடியில் மாட்டினார்.

"தள்ளு. டீ சிந்துச்சுன்னா சரிவு சரியில்ல."

சிந்தியது. பலகையை மாற்றினார். மறுபடி தள்ளினேன், மறுபடி சிந்தியது. அலுவலகமே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. டீக்கடைக்காரர் ஒரு கட்டத்தில் நாங்கள் கேட்காமலே அடுத்த பையைக் கட்டத் தொடங்கிவிட்டார். ஒருவழியாக ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தோம். அவர் அந்த டீயை அங்கேயே உட்கார்ந்து குடித்தார். எனக்கு ஒரு வாய் தரவில்லை. அன்று போட்டிருந்த சட்டையால்தான் என் மனைவி இன்றைக்கும் அடுப்படி துடைக்கிறாள்.

இப்படியெல்லாம் நான் அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது கால்வாய்ப் பாலம் வரும் வரைக்கும்தான்.

கிள்ளானில் ஓர் இடம். கால்வாய்க்கு இந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள், அந்தப் பக்கம் பாசாரும் மாரியம்மன் கோயிலும். நடுவே ஒரு பலகை. அந்தப் பலகை வழியாகத்தான் அமுதா அக்கா உளுந்து மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வடை போடப் போவார். ஒரு மழை நாளில் பலகை வழுக்கி, குண்டான் கால்வாயோடு போய்விட்டது. அக்காவுக்குக் கணுக்கால் போனது. அதன் பிறகு எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி, பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு லோரிகளுக்கு நடுவில் போய்வந்தார்.

"பின்னால லோரி ஹார்ன் அடிச்சா நெஞ்சே நின்னுருது தம்பி. இந்த வருசத்துக்குள்ள பாலம் வரலன்னா நான் கடைய விட்டுர்றேன். ஒடம்பு தாங்கல."

பாலத்துக்கு ஒதுக்கீடு வந்துவிட்டது. வருடம் முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் திரும்பிப் போய்விடும். எங்கள் தலைமை இன்ஜினியர், நாங்கள் புவான் என்று கூப்பிடும் மலாய் அம்மா, அலமாரியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய பாலம். இரண்டு பக்கமும் படிகள். கன்சல்டன் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் பேனாவைத் திறக்கவே இல்லை.

"படியில வண்டி எப்படி ஏறும்?"

படிக்குப் பதில் சரிவு வைக்கப் படத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல், மறுபடி மீட்டிங் என்றார் புவான். கடைசியில் சனிக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், சரிவு சரிப்படாவிட்டால் படிதான் என்றும் முடித்துவிட்டார்.

கன்சல்டன் திங்கட்கிழமையே கால்வாய் ஓரத்தில் நாலு மூங்கில் நட்டார். அதிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை கயிற்றால் சரிவின் வழியைக் கட்டினார். அமுதா அக்கா காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு திருப்பத்தில் மாட்டிக்கொள்வார். இவர் கயிற்றைத் தள்ளிக் கட்டுவார். அக்கா மறுபடி மாட்டிக்கொள்வார். இப்படியே வியாழன் வரை போனது.

வெள்ளிக்கிழமை காலை அங்கே போனேன்.

நாலு மூங்கிலுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தது. உச்சியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். கீழே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் இருக்கிற இடத்தில் நாலு மூங்கிலை நட்டு யாருக்கும் எதுவும் சொல்லாமல் போனால் வேறு என்ன நடக்கும்? அடுக்குமாடியில் எல்லோரும் லோரி அங்கிள் என்று கூப்பிடும் பெரியவர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள், என்ன இது?"

"கோயில் வருதில்ல தம்பி. பந்தக்கால் நட்டாச்சே."

"எந்தக் கோயில்? என்ன சாமி?"

"சாமி இன்னும் முடிவாகல. ஆனா தலைவர் நான்தான், அது நேத்தே முடிவாயிருச்சு. செயலாளர் பதவிக்குத்தான் கொஞ்சம் சண்டை."

கழகத்து நிலத்தில் ஒரு சாமி வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். எழுப்ப யாருக்கும் மனசும் வராது, தைரியமும் வராது. ஃபைல் நில அலுவலகத்துக்குப் போகும். வருடம் முடியும். பாலம் போய்விடும். அமுதா அக்காவுக்குச் சங்கதி புரிந்ததும் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். கன்சல்டன் முதல்தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே சுத்த வழுக்கை.

"என் தப்புதான் தலைவரே" என்றார் லோரி அங்கிளிடம். "கோயில் இல்ல, பாலம். கோயிலுக்குப் போற பாலம். ஆடி மாசம் பால்குடம் எடுத்துக்கிட்டு இந்தப் பலகையிலதானே போறீங்க? நாளைக்கு ஒரு அம்மா வராங்க. அவங்க பாக்கறதுக்கு ஆளுங்க வேணும்."

லோரி அங்கிள் கூப்பிய கையைக் கீழே இறக்கினார். "அப்ப கமிட்டி?"

"கமிட்டி இருக்கட்டும். பாலத்துக்கு இருக்கட்டும்."

பதவி பறிபோகாது என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வைத்த மஞ்சளை அழிக்க ஒருவரும் முன்வரவில்லை. எனக்கும் கை வரவில்லை.

சனிக்கிழமை புவான் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் அவர் கண் போனது மூங்கிலுக்குத்தான். இது என்ன என்றார். நான் முந்திக்கொண்டு, மஞ்சள் பாதுகாப்பு நிறம் புவான் என்றேன். மேலே எலுமிச்சம்பழம்? நான் கன்சல்டனைப் பார்த்தேன். கன்சல்டன் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மலாயில் சொல்லிவிட்டார். தான் சொல்லாமல் கம்பு நட்டது, இவர்கள் நம்பியது, லோரி அங்கிள் தலைவரானது வரைக்கும். முடிந்தது கதை என்று நான் அமுதா அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புவானும் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கா எலுமிச்சம்பழம் தெரியாது? நேராக நடந்து போய்க் கன்சல்டன் வைத்திருந்த ஏற்பாட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் காய்கறிக் கூடைகளை அடுக்கிப் படி. பக்கத்திலேயே பலகையைச் சாய்த்துச் சரிவு. முன்னால் அமுதா அக்காவின் வண்டி, அதில் மாவுக் குண்டான். கமிட்டி மொத்தமும் மாரியம்மன் கோயில் டி-ஷர்ட்டில் வரிசையாக நின்றது.

"புவானே தள்ளிப் பாருங்க" என்றார் கன்சல்டன்.

புவான் தோள் பையை என்னிடம் கொடுத்தார். முதலில் படிப் பக்கம் போனார். முதல் கூடையிலேயே சக்கரம் முட்டியது. இரண்டாவது தள்ளில் மாவு எழும்பி அவர் ஷூவில் விழுந்தது. புவான் குனிந்து ஷூவைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிச் சரிவில் தள்ளினார். வண்டி அலுங்காமல் மேலே போனது. மேலே நின்றபடி அவர் ஒரு பெருமூச்சு விட்டார். தமிழாக இருந்திருந்தால் அது 'அப்பாடா'தான். கன்சல்டன் என் விலாவில் இடித்தார்.

"ஓகேலா" என்றார் புவான். "வேலை தொடங்கும் நாளில் எலுமிச்சம்பழம் இருக்கக் கூடாது." இதை என்னைப் பார்த்துச் சொன்னார். ஒப்புதலுக்குத் தானே அலைந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வருடம் முடிவதற்குள் வேலை தொடங்கிவிட்டது.

பாலத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. கழகத்தின் பெயர் உண்டு, காண்ட்ராக்டர் பெயர் உண்டு. கன்சல்டன் பெயர் கிடையாது. சிறு பணிக்கு அந்த வழக்கம் இல்லை. திறப்பு விழாவுக்கும் யாரும் அவரை அழைக்கவில்லை. அவராகவே வந்து, அமுதா அக்கா முதல் வண்டியைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, வடை வாங்கித் தின்றுவிட்டுப் போனார். இப்போது முழங்கால் வலி, சிரம்பானில் மகள் வீட்டில் இருக்கிறார். திடீர் திடீரென்று போன் பண்ணுவார். "தம்பி, பெஞ்சு கிஞ்சு ஏதும் இருக்கா?" இல்லை அண்ணே என்று சொல்லிவிட்டு, வந்த ஃபைல்களை இன்னொருமுறை புரட்டிப் பார்ப்பேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன மாதம் எங்கள் பிரிவுக்கு ஒரு புகார் வந்தது. பாலத்தின் கைப்பிடியில் யாரோ இளஞ்சிவப்புக் கயிறு கட்டி, வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பூ வைக்கிறார்களாம், அகற்ற வேண்டுமாம். விசாரிக்க நானே போனேன். அமுதா அக்கா என்னைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கயிறு லேசாகத் தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.