வாய் மூடச் சொன்ன புத்தகம்

ரங்கு மாமா,

செவ்வந்தி எழுதுகிறேன். நானும் நந்தினியும் நலம். உன் நலம் கேட்பதுதான் முறை, ஆனால் ஆறு மாதமாய் உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்துபோனதால் கேட்கவில்லை. அஞ்சாவதோடு நின்றவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிக்காதே. வியாழக்கிழமையிலிருந்து நான் வாய் திறக்கக் கூடாதாம். எழுதக் கூடாது என்று மட்டும் எவனும் சொல்லவில்லை. எல்லாம் உன்னால் வந்தது.

நாளை ஞாயிறு, பாடு குலுக்கும் நாள். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று வருஷத்துக்கும் முடிவாகிற சீட்டு. அதில் உன் பங்கு இருக்குமா, எடுத்துவிடுவார்களா என்பதும் நாளைக்குத்தான். ஆண் பிள்ளை இல்லாத வீடாம். பங்கு போனால் படகையும் வலையையும் விற்றுவிட்டு, நந்தினி காலேஜை விட்டு எறால் கம்பெனிக்குத் தலை கிள்ளப் போக வேண்டியதுதான். வலை இழுக்க என் தம்பி ஜெகதீஸ்வரன் வருகிறேன் என்றான். நானே கூட்டத்தில் நின்று கேட்டுவிடலாம் என்றிருந்தேன். புதன்கிழமை உன் சிநேகிதன் அங்கமுத்து அண்ணன், லேமினேஷன் போட்ட ஒரு புத்தகப் பக்கத்தோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா, கூட்டத்துல பேசப் போறியாமே? சீட்டுக்கு முன்ன மூணு நாளும், சீட்டு அன்னிக்கும் பொம்பளைங்க வாயே தொறக்கக் கூடாதுனு புத்தகத்துலயே கீது. பாரு, என் போட்டோ கூட கீது."

"கல்யாணம் ஆயி இருவத்திரெண்டு வருசமா நான் பேசிக்கினுதானேண்ணா கீறேன்?"

"அதான் உங்க வூட்டு வலைல எறாலே சரியா மாட்டல."

யார் சொன்னது இப்படி என்று கேட்டேன். "வேற யாரு, உம் புருசன் பொன்னுரங்கம்தான். நம்ம ஏரிப் பழக்கமெல்லாம் கேட்டுப் புத்தகம் போட்டாரே மெட்ராஸ்காரரு, அவரு எழுதிக்கினப்போ நான் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்" என்றார். அன்றைக்கு அந்த ஆளுக்கு நண்டுக் குழம்பு ஊற்றியவள் நான். ஊற்றிய பாவத்துக்கு நன்றாகச் செய்தாய், மாமா.

நான் வாய் திறந்தால் முறை மீறியவள், பங்கு கிடையாது. அதைப் பார்த்துச் சொல்ல அண்ணன் தன் பெண்சாதி குப்பம்மாவைக் காவலுக்கு விட்டார். அவளும் பொம்பளைதானே, அவளும் பேசக் கூடாது. நான் தண்ணிக்குப் போனால் அவளும் வந்தாள், மீன் கழுவினால் எதிரே உட்கார்ந்தாள், இரண்டு பேரும் கோழி மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு. நேற்று தம்பியைப் பார்க்க பஸ் ஏறினேன். காட்டூரில் இறங்க வேண்டும், கூட்டம் நெரிக்கிறது, கண்டக்டர் முன்னால் நிற்கிறார், நிறுத்துங்கள் என்று கத்தவும் முடியாமல் மீஞ்சூர் வரை போய்விட்டேன். குப்பம்மாவும் வந்தாள். திரும்பி வரும்போது எனக்கு முன்னால் அவள்தான் அழுதாள்.

நந்தினிதான் விடவில்லை. காலேஜில் ஜாக்குலின் மிஸ் பாடம் எடுத்தாராம், ஆதாரம் மூன்று வகை என்று: கூட இருந்தவர் சொன்னது, அப்போதே எழுதி வைத்தது முதல் வகை. அதை வைத்துக்கொண்டு மற்றவர் எழுதியது இரண்டாவது. அப்படி எழுதினதையெல்லாம் சுருக்கித் தொகுத்தது மூன்றாவது. யார் சொன்னாலும் வேர் வரைக்கும் போய்ப் பார் என்பாராம். "ம்மா, இந்த வாய் மூடுற கத நெட்லயும் கீது, பேப்பர்லயும் கீது. நெட்ல கீறது பேப்பரப் பாத்து எழுதினது. பேப்பர்ல வந்தது புத்தகத்தப் பாத்து எழுதினது. மூணு பேர் சொல்றாங்கனு நெனச்சேன். ஒரே ஆளு மூணு சட்ட மாத்திக்கினு வந்துகீறான்" என்று குப்பம்மா காதில் விழாமல் கிசுகிசுத்தாள். அண்ணன் கையில் இருப்பது ஒரே ஒரு பக்கம், முழுப் புத்தகம் காலேஜ் லைப்ரரியில் இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிப் போனாள். இருட்டிவிட்டது, இன்னும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. எனக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். உன் குறும்பு எனக்குத் தெரியாதா? நான் கத்துவதை நிறுத்த நீதான் அவிழ்த்துவிட்டிருப்பாய்.

நாளைக்குப் பங்கு போனால் உன் போட்டோவுக்குப் பூ கிடையாது. இருக்கிற இடத்தில் சளி பிடிக்காமல் இரு.

செவ்வந்தி

பி.கு.: ஞாயிறு. மேலே உன்னைத் திட்டியதெல்லாம் தப்பு. நந்தினி ராத்திரி ஜெராக்ஸோடு வந்தாள். அண்ணன் லேமினேஷன் போடாத அடுத்த பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அந்த மெட்ராஸ்காரர் எழுதி வைத்திருக்கிறார்: இதைச் சொன்னவர் அங்கமுத்து. உடனிருந்த பொன்னுரங்கம் மறுத்தார். "அவன் வெளாட்டுக்குச் சொல்றான் சார், எழுதிக்காதீங்க. எங்க வூட்ல அவ பேசலன்னா எனக்குச் சோறே எறங்காது."

மாமா, அண்ணன் வாயால் கேட்டதை நம்பிவிட்டேன். உன்னைக் கேட்கத்தான் வழியில்லை, அடுத்த பக்கம் எங்கே என்றாவது அண்ணனைக் கேட்டிருக்கலாம்.

கூட்டத்தில் நந்தினி பேசாமல் காகிதத்தை நீட்டினாள். குப்பத்துத் தலைவர் உரக்கப் படித்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெளாட்டுக்குத்தாம்பா சொன்னேன். அச்சுல வந்ததும் எனக்கே நெசம் மாரி ஆயிப்போச்சு" என்றார். "எம்மாம் நாளு என்ன ஊமையாக்கி வெச்ச!" என்று குப்பம்மா போட்ட சத்தம் அக்கரையில் பசியாவரம் வரை கேட்டிருக்கும். தலைவர் என்னைப் பேசச் சொன்னார். மூணு நாள் சேர்த்து வைத்த பேச்சில் ஒரே ஒரு வரிதான் வந்தது. "எங்க பங்கு எங்களுக்கு வேணும்" என்றேன். சரி என்றுவிட்டார்கள்.

வெற்றுச் சீட்டைக் கையில் கொடுத்து, பேர் எழுதி எடுத்து வா என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குலுக்காமல் எனக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள். உன் பேரை எழுதினால் நீ வலை போட வரப்போவதில்லை. என் பேரை எழுதினால் நீ இல்லை என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்ததாகிவிடும். யார் பேரை எழுதட்டும், மாமா?