தலைவலிக்கு ஒரு ஷவர் டெஸ்ட்

தலைவலி வந்தால் மாத்திரை போடுவார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலைவலியைத் தேடிப் போனவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். வண்டி வெளியே போவதற்கு முன் அதை ஓர் அறைக்குள் விட்டு நாலாபக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்போம். உள்ளே ஒரு சொட்டு கசிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். ஷவர் டெஸ்ட் என்று பெயர். மழை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எந்த வண்டியையும் விட்டதில்லை.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மணிமங்கலத்தில் நடந்த என் நிச்சயதார்த்தத்தில் மேளம், வீடியோ லைட், ஊதுபத்திப் புகை மூன்றும் சேர்ந்து நெற்றியில் ஆணி அடிக்க, தட்டு மாற்றும் நேரத்தில் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பெண்ணின் தாய்மாமா தணிகாசலம் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, "பையன் நைட்டு இன்னா சாப்ட்டான்?" என்று என் அப்பாவிடம் கேட்டார். (இட்லி என்றார் அப்பா. மாமா நம்பவில்லை.) இன்னொரு முறை இப்படி நடந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

டாக்டர் தினமும் போடச் சொல்லி ஒரு தடுப்பு மாத்திரை கொடுத்தார். எனக்கு அதில் ஒரு சிக்கல். தலைவலி வராத நாளில், மாத்திரை வேலை செய்கிறதா, தலைவலிக்கே அன்று லீவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போனில் தேடியபோது விடை கிடைத்தது. ஆராய்ச்சிக்கூடங்களில், சம்மதித்து வந்தவர்களுக்கு வேண்டுமென்றே தலைவலியை வரவைத்துத் தடுப்பு மருந்தைச் சோதிப்பார்களாம். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்து போலவே இருக்கும் வெறும் மாத்திரை. (பக்கத்தில் டாக்டர் இருப்பார் என்ற வரியை வேகமாகத் தாண்டிவிட்டேன்.)

பிள்ளைப்பாக்கத்தில் என் அறைத் தோழன் இசக்கி, திருநெல்வேலிக்காரன், தலைவலி என்பதையே அறியாதவன். வெறும் மாத்திரைக்குப் பதில் அவனுக்குப் பெப்பர்மின்ட் கொடுத்தேன்.

"இதுல நான் எதுக்குல?"

"நீ மருந்து போடாத ஆளு. ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"சரி. மண்ட வலிச்சா பிரியாணி வாங்கித் தந்துரணும், பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிடாமல் மொட்டை மாடி வெயிலில் நின்றோம். பிறகு அறைக்குள் வந்து ஜன்னலைச் சாத்தி, ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தி, ஸ்பீக்கரில் மேளத்தை அலறவிட்டு, ஒருவர் கண்ணில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டோம். வண்டிகளைக்கூட நாங்கள் இவ்வளவு கொடுமைப்படுத்தியதில்லை.

முதலில் விழுந்தது இசக்கி. "ஏல, மண்ட பொளக்குல" என்று பக்கெட்டைக் கட்டிக்கொண்டான். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாத்திரை வேலை செய்கிறது. அதை நான் அவனிடம் சொல்லி முடிப்பதற்குள் என் நெற்றியிலும் ஆணி இறங்கியது.

தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, நறுக்கிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இருவரும் சுவரில் சாய்ந்திருந்தபோது கதவு திறந்தது. தணிகாசலம் மாமா. கையில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. நான் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுத்தால் அச்சுக்குப் போய்விடும்.

மாமா புகையைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இன்னா நடக்குது இங்க?"

"தலைவலி வருதான்னு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம் மாமா."

"வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"வராம? எங்க, ஊது."

ஊதினேன். அவர் முகத்தில் லேசான குழப்பம். அடுத்து இசக்கியை ஊதச் சொன்னார். அவன் பெப்பர்மின்ட் பாக்கெட்டையே காலி செய்திருந்தான்.

"வாசன தெரியக்கூடாதுன்னு புதினா வேற போட்டுக்கினு கீறானா" என்றார் மாமா. அங்கேயே மணப்பெண் கலைச்செல்விக்குப் போன் போட்டார். "பத்திரிக அடிக்கலாமா வேணாமா, நீயே கேட்டு சொல்லும்மா" என்று போனை என்னிடம் நீட்டினார்.

கலை மண்ணூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், என்னைப் போலவே தரப் பிரிவில் வேலை பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாத்திர எத்தினி நாளா போடறீங்க?"

"ஒரு வாரமா."

"வேல செய்ய எவ்ளோ நாள் ஆவும்னாரு டாக்டர்?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னாரு."



"கண்ணாடியே மாட்டாத வண்டிய ஷவர் டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?"

"மாட்டோம்."

"குடிச்சிருந்தாகூட ஒரு அர்த்தம் கீது. மாமாகிட்ட குடுங்க."

மாமா போனை வாங்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். "நெசமாவா? குடிக்கலியா? புத்திதான் கம்மியா?" என்றார். அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரிம்மா, அது பரவால்ல." பத்திரிகை பையிலிருந்து மறுபடி வெளியே வந்தது.

கல்யாணம் நடந்தது. அன்று தலைவலி வரவில்லை. (மாத்திரையாலா என்று இன்றுவரை தெரியாது. சோதித்துப் பார்க்கக் கலை அனுமதிக்கவில்லை.) ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா என்னை "வாங்க மாப்ள" என்பதில்லை. "ஊதுங்க மாப்ள" என்பார். நானும் ஊதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன். இதைப் பார்த்தே வளர்ந்த என் மகள், விருந்தாளிகளை வரவேற்கும் முறையே இதுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

சென்ற மாதம் என் மேலாளர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார். அவள் வாசலில் அவர் எதிரே போய் நின்று, அன்பாக, "அங்கிள், ஊதுங்க" என்றாள்.

அவர் ஊதவில்லை. ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லி, தெருவிலிருந்தபடியே திரும்பிப் போய்விட்டார்.